நீலத்தின் மேல் அடித்த வெள்ளை

இந்த ஊரின் தண்ணீரையெல்லாம் ஒரு காலத்தில் விரல் நுனியில் வைத்திருந்தவரும், இன்று இந்த அவையின் தலைமை நாற்காலியில் வீற்றிருப்பவருமான வால்வுக்காரர் ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பாரத்தை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் கதவோரம் நிற்கும் தோழர்களே! மூன்றாம் வரிசையில் கையெழுத்து மனுவோடு உட்கார்ந்து, என் முகத்தை மட்டும் பார்க்காமல் இருக்கும் என் அக்கா அவர்களே! சுவருக்கு வண்ணம் பூசிப் பிழைக்கும் இந்தப் பெயின்டரின் வணக்கம்.

எதற்குக் கூடியிருக்கிறோம்? நம்மை ஆட்டிப்படைக்கிறவர்களை விரட்ட அயல்நாட்டுப் படையை அழைக்கலாமா என்று முடிவெடுக்க. அதற்கான மனு அக்காவின் கையில் இருக்கிறது. நாம் கையெழுத்திட்டால் நாளை அது கடல் கடக்கும்.

படை வந்தால் வெல்லுமா? வெல்லும்! சந்தேகமே வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் வந்தது, பத்தொன்பதே நாளில் வென்றது. அன்று நம்மை ஆண்டுகொண்டிருந்தவன் கொடியவன், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவன் ஓடிய காலை இன்னும் என் கண்ணுக்குள் மிதக்கிறது. வெயில் பால்போல் இறங்கியது. கதவுகள் தானாகத் திறந்தாற்போல் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நடந்தேனா, பறந்தேனா, இன்றுவரை தெரியாது. அந்தக் கனவுக்குள்ளேயே எனக்கு வேலையும் வந்தது.

பழைய ஆட்சியின் கொடி நீலம். அரசுக் கட்டடம் எதிலும் இனி நீலம் கூடாது என்று ஆணை. வாளியும் பிரஷ்ஷுமாகக் குடிநீர் நிலையத்துக்குள் போனேன். நல்ல தண்ணீர் வால்வுகளுக்கு நீலம், வடிகட்டாத ஆற்றுத் தண்ணீருக்குக் கறுப்பு. நீலத்தை வெள்ளையாக்கச் சொன்னார்கள். அத்தோடு நின்றிருக்கலாம். நிற்குமா இந்தக் கை? பளிச்சென்ற வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு கண்ணை உறுத்தியது. அறை முழுக்க ஒரே நிறம் என்றால் எடுப்பாக இருக்குமே என்று கறுப்புக்கும் சேர்த்து அடித்துவிட்டேன். முடித்துவிட்டுப் பார்த்தால், மேகத்துக்குள் நிற்பது போலிருந்தது. குழாய்க்குள் தண்ணீர் எங்கோ தொலைவில் பேசிக்கொண்டு போனது. சிரிக்கிறீர்களா? அன்று நானும் சிரித்தேன்.

இதோ தலைவர், இருபத்தாறு ஆண்டு அந்த வால்வுகளைத் திருப்பியவர், அன்று வாசல் கம்பிக்கு வெளியே நின்றார். பழைய ஆளுங்கட்சியின் உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அட்டை இல்லாமல் அந்தக் காலத்தில் யாருக்கு ஐயா வேலை கிடைத்தது?

“தம்பி, கறுப்பைத் தொடாதேப்பா! அப்புறம் எது எதுன்னு யாருக்குத் தெரியும்?” என்று கத்தினார்.

“உங்க காலம் மலையேறிப் போச்சு சார். வீட்டுக்குப் போங்க!” என்றேன். எவ்வளவு திமிர் எனக்கு!

புதிதாக வந்தவர்கள் குத்துமதிப்பாகத் திருப்பினார்கள். நான்கு நாள் ஆற்றுத் தண்ணீர் ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே என் அக்காவுக்குப் பெண் பிறந்து இரண்டே நாள். பிள்ளையின் புட்டிப்பாலில் அந்தத் தண்ணீர்தான் கலந்தது. எட்டாம் நாள் என் மருமகள் இல்லை. பெயர்கூட வைத்திருக்கவில்லை. அந்த வெள்ளையை அடித்தவன் நான்தான்.

என்ன சொல்கிறீர்கள்? ‘தப்பு உன்னோடது, படை மேல ஏன்யா பழி?’ நியாயமான கேள்வி. தப்பு என்னுடையதுதான். ஆனால் தடுக்கத் தெரிந்த மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது யார்? பத்தொன்பது நாளில் வென்றவர்களுக்கு, இருபதாம் நாள் தண்ணீரை யார் திறப்பது என்று தெரியவில்லையே! தண்ணீர் மட்டுமா? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை. நீதிமன்றத்தில் நீதிபதி இல்லை. காலியான நாற்காலியில் கையில் துப்பாக்கி வைத்திருந்தவன் உட்கார்ந்தான். ஐந்தாம் ஆண்டு அவன் வைத்ததே சட்டம். பழைய சிறையில் புதிய காவலர்கள். அதற்குள்தான் ஏழு மாதமாக என் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், அடைபட்டிருக்கிறார். பத்தொன்பது நாளில் வென்ற போர் பன்னிரண்டாம் ஆண்டில் தோற்றுப்போய்க் கிடக்கிறது, தாய்மார்களே!

கொஞ்சம் அமைதி... அக்கா எழுந்திருக்கிறாள். பேசு அக்கா.

“உன் மாமா உள்ள கிடக்கிறாருடா. படை வேணாம்னு சொல்றியே, அப்போ எப்ப வருவாரு? அதைச் சொல்லு.”

பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது, பெரியோர்களே.

தெரியாது அக்கா. சத்தியமாத் தெரியாது. தெரியும்னு சொன்னா கைதட்டு கிடைக்கும், ஆனா பொய்.

தெரிந்ததைச் சொல்கிறேன். நாளைக் காலை சிறை வாசலில் உட்காரப் போகிறேன். தலைவர் வருகிறார். குடிநீர் நிலையத்துத் தோழர்கள் வருகிறார்கள். அடிப்பார்கள், மறுநாளும் உட்காருவோம். இழுத்துப் போடுவார்கள், எழுந்து வந்து உட்காருவோம். வாத்தியார் வரட்டும், நர்ஸ் வரட்டும், ரயில் ஓட்டுகிறவர் வரட்டும்! இந்த ஊரை நடத்துகிற கைகளெல்லாம் எழுந்தால் இந்த ஆட்சி எத்தனை நாள் நிற்கும்? விழட்டும்! விழுகிற அன்று வேலை தெரிந்தவர்கள் யாரும் வாசலுக்கு வெளியே நிற்கக் கூடாது!

மனுவைக் கிழி என்று சொல்ல எனக்கு வாய் இல்லை அக்கா. நீ கையெழுத்துப் போட்டாலும் நான் அங்கேதான் இருப்பேன்.

என்ன அக்கா? சத்தமாகச் சொல்... எத்தனை மணிக்கா?

ஆறு மணிக்கு அக்கா.

இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. நாளை வருகிறவர்களுக்கும், வரப் பயப்படுகிறவர்களுக்கும் என் வணக்கம்.