ஸ்பீக்கரில் சொன்ன கதை

"ஹலோ… ஹலோ… காவ்யாவா? அப்பாதாம்மா, ஆரணிலேர்ந்து. …ஆங், ஆங், சாப்ட்டேன். …தோசைதான். ஒரு ஆளுக்கு மாவு ஆட்டினா நாலு நாளைக்கு அதே தோசைதான? …மாப்ள பக்கத்துலதான் இருக்காரா? …வணக்கம் மாப்ள!"

பெங்களூரில் இருக்கும் மகளோடு அருணகிரி பேசும் பேச்செல்லாம் மாப்பிள்ளை தீனாவுக்கு வைக்கும் வணக்கத்தோடுதான் தொடங்கும். கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் ஸ்பீக்கரைப் போடாமல் அவள் பேசியதே இல்லை. மாமனார்மேல் மருமகனுக்கு அவ்வளவு பிரியம் என்றுதான் போன வாரம் வரை நினைத்திருந்தார். போன வாரம் நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வந்தார்.

"ஒண்ணுமில்ல, ஒரு மர்மக் கதை படிச்சிகினு இருந்தேன். …பேய் இல்லம்மா. கத்தி, ரத்தம் ஒண்ணும் கெடையாது. ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி, ஒரு வூடு. அத வெச்சே முன்னூறு பக்கம்! …புருஷன் தங்கமானவன். அவனே காபி போட்டுக் குடுப்பான். பீரோ சாவிய அவனே ஒளிச்சு வெப்பான். அப்புறம் அவனே தேடி எடுத்துகினு வந்து, 'உனக்கு ஞாபகம் நிக்கல செல்லம்'னு தலைய தடவுவான். …ஆமா, ஆமா… எட்டாவது அத்தியாயத்துல அவளே நம்பிடறா, நமக்குத்தான் மூளை கலங்கிப்போச்சுன்னு. வேலையக்கூட விட்டுடறா."

'எனக்கு ஞாபகமே நிக்கலப்பா, அவர்தான் எல்லாத்தையும் பாத்துக்கறார்' என்று இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை சொன்னவள் காவ்யா. சித்திரையில் வேலையை விட்டவளும் அவள்தான்.

"ஹலோ… இருக்கியா? …எழுத்து நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணோட அப்பனைத்தான் எனக்குப் புடிக்கல. …இருக்கான் ஒரு கெழவன். வாரா வாரம் போன் பண்ணுவான். ஏரில ஒரு கெண்ட மீனு ஆட்டுக்குட்டிய முழுங்கிடுச்சு, அது வயித்துக்குள்ளேர்ந்து இன்னும் கத்திகினே இருக்குதுன்னு புளுகுவான். அவ சிரிப்பா. சிரிக்கறாளே, நல்லாத்தான் இருக்கான்னு போனை வெச்சுடுவான். வெத்துவேட்டு."

நாவலில் அப்பா யாரும் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு யாருமே கிடையாது. அதைப் படித்த மத்தியானம் அருணகிரி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பேச ஆளில்லாத வீட்டில் வாரா வாரம் மகளிடம் தாம் விட்ட புளுகுகளை எண்ணிப் பார்த்தார்.

"…யாரு, மாப்ளயா? …இல்லீங்க, பொழுது போவலன்னு படிச்சது. …சரிங்க, சரிங்க, இனிமே சாமி புஸ்தகமே படிக்கறேன். …அது கெடக்கட்டும், நான் போன் பண்ணதே வேற விஷயங்க. எனக்கு அம்மை போட்ருக்கு."

அருணகிரி தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஒரு கொசுக்கடிகூட இல்லை.

"…ஆமாங்க, முத்து முத்தா. முதுகுல மட்டும் நூத்திப் பன்னெண்டு. …கண்ணாடி வெச்சுத்தான் எண்ணினேன், வேற என்னா வேலை எனக்கு? …டாக்டரா? ஆத்தா வந்திருக்கற ஒடம்புல ஊசி குத்துவாங்களா? …நர்ஸா? வேப்பெல செருகின வூட்டுல யாருங்க கால் வெப்பாங்க? …ஐயையோ, நீங்க வரவே கூடாது. ஒங்களுக்குச் சின்ன வயசுல போட்டதே இல்லன்னு சம்பந்தியம்மா சொல்லியிருக்காங்க. காவ்யாவுக்கு ஆறாங்கிளாஸ்லயே வந்து போயிடுச்சு. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் அவ இருந்தா போதும். …அனுப்ப முடியாதா? …சரிங்க. …சரிங்க மாப்ள, ஒங்களுக்கு என்னாத்துக்கு பேஜாரு? நானே அங்க வந்துடறேன். ஒங்க கட்டில்லயே படுத்துக்கறேன். ஏசி ரூமுல ஆத்தாவுக்கும் குளுகுளுன்னு இருக்கும். …நாளைக்குக் காலைல மொத பஸ்சு. …இல்ல, எனக்கு ஒரு செரமமும் இல்லீங்க! …இன்னிக்கேவா? இப்பவே அனுப்பறீங்களா? …மகராசனா இருங்க."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம். குழாயில் தண்ணீர் விழுந்தது.

"…கை கழுவவா போனாரு? போன்ல தொத்தாதுன்னு சொல்லும்மா. …வேணாம், சொல்லாத. ஸ்பீக்கர அமுத்து. …அமுத்திட்டியா?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மகளின் மூச்சு மட்டும் அவர் காதில் கேட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு புளுகும் வரவில்லை.

"…அழுவாதம்மா. …நான் ஒண்ணும் கேக்கல. நீயும் இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். …ஆமா. …ஆமாம்மா, நீ நல்லாத்தான் இருக்கற, ஒனக்கு ஒண்ணும் ஆவல. …கேஸ் அடுப்ப அணைக்காம வுட்டதா? அதுவும் நீ இல்ல. …ஜல்தியா கேளு. ரெண்டு நாள் துணி எடுக்காத, எல்லாத்தையும் எடு. சர்டிபிகேட் எடு. ஆதார் எடு. …எதுக்குன்னு கேட்டா, அம்மை வூட்டுல மாத்துத்துணி நெறைய வேணும்னு சொல்லு. …வேலூர் பஸ் ஸ்டாண்டுலயே நான் வந்து நிக்கறேன். …அம்மையோடவா? …அதுக்குள்ள எறங்கிடும்மா. …வராரா? சரி, வெச்சுடு, வெச்—"