மயிலம்மாளின் மேலக்கொல்லை

மண்புழு என்றால் எனக்கு அருவருப்பே கிடையாது சார். எண்ணுவதுதான் என் வேலை. ஓர் அடிக்கு ஓர் அடி குழி வெட்டி, அந்த மண்ணைச் சாக்கில் பரப்பி, எத்தனை புழு என்று குறித்துக்கொள்வேன். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால் எட்டு மணிக்குள் ஜீயபுரம் வயலில் நிற்பேன்.

எங்கள் கம்பெனி சாக்கடைக் கசடைக் காயவைத்து உரமாக விற்கிறது. அந்த ஊர் விவசாயி மயிலம்மாள் தன் வாழைத்தோட்டத்தில் அதை இரண்டு வருடம் போட்டார். முதல் வருடம் தார் பெரிதாக வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் குழியில் ஒரு புழுகூட இல்லை. மண் பரிசோதனைத் தாளில் காட்மியம் என்ற விஷ உலோகம் அளவு மீறியிருந்தது. தாளை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். வீணாக எதற்கு ஒருவரைக் கலவரப்படுத்த வேண்டும்?

பக்கத்து ஊர் விவசாயிகள் தோட்டத்தைப் பார்க்க வந்த அன்று, மண்புழு உரக்காரரிடம் அரை கிலோ புழு வாங்கி, விடிந்ததும் போய்ப் புதைத்து வைத்தேன். குழி வெட்டியதும் மயிலம்மாள் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, இது எருக்குழியில கெடக்குற செவப்புப் புழுல்ல? வெறும் மண்ணுல எப்படி வந்துச்சு?"

"மழைக்கு வந்திருக்கும்க்கா."

"மாசியில ஏதுப்பா மழை?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து அந்த அம்மாள்மீது எனக்குச் சந்தேகம். தினமும் மண்வெட்டியோடு மேலக்கொல்லைக்கு எதற்குப் போகிறார்? என்னைக் கண்டதும் ஏன் பேச்சை நிறுத்துகிறார்? ஒருநாள் பின்னாலேயே போனேன். எங்கள் உரமே படாத அரை ஏக்கர் அது. உளுந்து எடுத்த தரிசு. கட்டியை உடைத்தால் கட்டிக்குக் கட்டி புழு நெளிந்தது.

"ரெண்டு கொல்லைக்கும் ஒரே தண்ணி, ஒரே மண்ணு. திங்கக்கெழம மனு குடுக்கப் போறேன். ஆபீசருங்கள கூட்டியாந்து ரெண்டு எடத்துலயும் குழி வெட்டிக் காட்டுனா தெரிஞ்சுரும்ல தம்பி?"

வேலை போய்விடும் என்று பயந்தேன், மறைக்கவில்லை. பிறகு நிதானமாக யோசித்தேன்.

அந்தத் திங்கள் வருவதற்குள், பேரனுக்குக் காதுகுத்து என்று அவர் வையம்பட்டிக்குப் போன நான்கு நாளில் மேலக்கொல்லையில் மூன்று லாரி கசடு கொட்டச் சொன்னேன். காயாத பச்சைக் கசடு. காய்ந்தது மெதுவாகத்தான் கொல்லும், எனக்குத் தெரியும். டிராக்டர் விட்டு உழுது, வாய்க்காலைத் திறந்து தண்ணீர் கட்டினேன். பட்டப்பகலில்தான். கேட்டவர்களிடம், "அக்கா சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றேன். நம்பினார்கள். மூன்றாம் நாள் புழுக்களெல்லாம் மேலே வந்து வெயிலில் சுருண்டு கிடந்தன.

ஊரிலிருந்து திரும்பிய மயிலம்மாள் பையைக்கூட இறக்காமல் கொல்லையில் உட்கார்ந்து வெறுங்கையால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தார். வாய்விட்டு அழவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்ச நேரம் தேடிக் கொடுத்தேன். அப்புறம் ஆறுதலாகச் சொன்னேன்:

"பாத்தீங்களாக்கா, ரெண்டு கொல்லையும் ஒரே மாதிரிதானே இருக்கு. எங்க உரத்துல ஒரு குறையும் இல்ல."