கேப்டன் வண்டியில என் இடம்

...பன்னி திருடனாம்மா! என் முப்பாட்டனுக்கு முப்பாட்டன், பன்னி திருடன். உக்காரு, அந்த நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காரு, ஊர்வலம் வர இன்னும் நேரமிருக்கு. நீ இந்தத் தெருவுக்குப் புதுசு, உனக்கெங்க தெரியும்... வருசா வருசம் ஊர் பொறந்த நாள் ஊர்வலத்துக்கு முன்னால ஒரு குதிரை வண்டி போகும். இந்த ஊர உண்டாக்கின கேப்டன் லாத்ராப் வம்சம் மட்டும்தான் அதுல ஏறலாம். எங்கம்மா ஏறினாங்க, நான் ஏறினேன். இன்னைக்கு? நடைபாதையில, உன் பக்கத்துல. உன்னச் சொல்லல, தப்பா எடுத்துக்காத.

நாங்க கேப்டன் மகன் ஜோசையா வழின்னுதான் எங்க வீட்டுப் பேச்சு. அந்த ஜோசையா ரெண்டு வயசுலயே செத்துட்டானாம். சர்ச்சுக்குப் பின்னாடிதான் கல்லறை, நான் பாக்காததா? ஆனா அந்தக் காலத்துல ஒரு பிள்ளை செத்தா அடுத்ததுக்கும் அதே பேர வைப்பாங்க. அப்படி இன்னொரு ஜோசையா பொறந்திருப்பான்னு நெனச்சேன். தப்பா? பழைய பதிவேட்டப் பொரட்டினா, அதுக்கப்புறம் பொறந்ததெல்லாம் பொண்ணாம். கேப்டனுக்கு இன்னொரு பையனப் பெத்துக்க வக்கில்ல, அவமானம் எனக்கு.

எங்காளு வேற ஜோசையா. கடல் தாண்டி பிரிஸ்டல்லேருந்து, கப்பல் கட்டணத்துக்குப் பதிலா இங்க உழைச்சுக் கழிக்க வந்தவன். வந்தவன் உழைச்சானா? பன்னி திருடி, அதோ அந்தச் சதுக்கத்துல சவுக்கடி வாங்கியிருக்கான். அதுவும் யார் பன்னி? கேப்டன் பன்னி.

இன்னைக்கு வண்டியில ஹாரியட் பிங்கம். ஒஹையோவுலேருந்து வந்து பழைய கார் வித்தவன் மக, அவளுக்கென்ன வம்சம்னு இருந்தேன். கேப்டனோட மூணாவது பொண்ணு வழியாம். ஒரு தலைமுறை விடாம நிரூபிச்சுட்டா.

என்ன கேட்ட? இத்தன வருசம் இல்லாம இப்ப எதுக்கு நிரூபணம்னா? அது வந்து... ஊர்க்கூட்டத்துல ஒருத்தி எந்திரிச்சு, கண்டவளும் ஏறப் பாக்குறா, ஆதாரம் காட்டினாத்தான் வண்டின்னு சட்டம் போட வச்சா.

எந்த மகராசியா? ...நான்தான். ஹாரியட்ட ஏற விடக்கூடாதுன்னு.

இந்தா, வண்டி வந்துடுச்சு. கையாட்டுறா பாரு. நீயும் சிரிச்சு வை, நான் வருத்தப்படறேன்னு நெனச்சிடப் போறா. வருத்தமாத்தான் இருக்கு. எங்கம்மா மடியில உக்காந்து போன வண்டிம்மா அது.

ஏன் நிறுத்துறா? என்னயா கூப்பிடுறா? நகந்து வேற உக்கார்றா... பன்னி திருடன் பேத்திய ஏத்திக்கிட்டா சட்டம் என்னத்துக்கு ஆகுறது? நான் போட்ட சட்டம்...

இந்தப் பையக் கொஞ்சம் பிடிம்மா.