மஞ்சள் தொண்டைச் சின்னான்

கோடையில் தட்டான்களைப் பார்க்க ஏற்காடு ஏரிக்கு வெயில் ஏறிய பிறகுதான் போக வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. இறக்கை காயாமல் அவை எழும்பா. அன்றும் அப்படித்தான் போனோம், நானும் சாந்தாமேரி டீச்சரும். நாணல் நுனிகளில் சிவப்புத் தட்டான்கள், தண்ணீர்மேல் ஒரு மீன்கொத்தி. எல்லாம் கணக்கில் சேர்ந்தன. எல்லாவற்றையும் சாந்தாமேரியும் பார்த்தாளே.

ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை. விடுமுறையில் ஒரே பொழுதுபோக்கு, பறவையும் பூச்சியும் பார்த்துக் கணக்கு எழுதுவது. விதி அவள் வகுத்தது. ஒருவர் மட்டும் பார்த்த பறவை கணக்கில் சேராது, கூட வந்தவரும் பார்க்க வேண்டும். நியாயமான விதிதான். அவள் தனியாகப் பார்த்த மரகதப்புறாவுக்கு மாதாவே சாட்சி என்றாள். மாதாவை நான் எப்படி மறுப்பது?

போன கோடையில் கரடியூர்ப் பாறைச் சரிவில் நான் மஞ்சள் தொண்டைச் சின்னானைப் பார்த்தேன். எளிதில் கண்ணில் படாத பறவை. அவள் வந்து சேர்வதற்குள் பறந்துவிட்டது. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"ஏனுங்க ஞானசுந்தரி டீச்சர், கண்ணுக்கு மஞ்சளாத் தெரிஞ்சா டாக்டரப் பாக்கணுமுங்க. குருவி மேல பழி போட்டா எப்படி?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை மதிக்கிறவள் நான். அந்த வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்கு நான் 'மஞ்சக்காமாலை டீச்சர்'.

அன்று மதியம் ஏரியிலிருந்து கரடியூருக்குப் போனோம். பைனாகுலர் ஒன்றுதான், அவளுடையது. அதைக் கண்ணில் வைத்தால் காலடி தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். பாறை விளிம்பில் ஒருத்தி பார்க்கும்போது, மற்றவள் பின்னால் நின்று அவள் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு வழி சொல்ல வேண்டும்.

"டீச்சர், உங்களுக்கு நேர் கீழதான் இருக்குது. மஞ்சள் தொண்டை," என்றேன்.

"நெசமாவா? எங்கீங்க?"

"இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க."

"புடிச்சிருக்கீங்கல்ல?"

"நொம்ப கெட்டியாப் புடிச்சிருக்கேன், வாங்க."

பறவை இல்லை. முந்தானையும் என் கையில் இல்லை. பாறை எங்கே முடிகிறது என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடப் பழக்கத்தில் நான் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் நம்பியது அந்த ஒருமுறைதான். கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனேன்.

வருத்தமில்லையா என்று கேட்கிறீர்கள். உண்டு. சத்தம் அடங்கியதும் அந்தச் சின்னான் உண்மையாகவே வந்து எதிர்ப் பாறையில் உட்கார்ந்தது. எலுமிச்சை மஞ்சளில் தொண்டை. அவசரமில்லாமல் இறகு கோதியது. பார்க்க நான் ஒருத்திதான். அவள் இருந்திருந்தால் கணக்கில் சேர்ந்திருக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். என்னைச் சேலத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் கரடியூர் வரை வாருங்கள். பைனாகுலர் உடைந்துவிட்டது, பரவாயில்லை, வெறுங்கண்ணுக்கே தெரியும். பாறையில் கொஞ்சம் முன்னால் வந்து குனிய வேண்டும், அவ்வளவுதான்.

பின்னால் நான் பிடித்துக்கொள்கிறேன்.