பறிக்கத் தேவைப்படாத பந்துகள்

மேடையில் இருக்கும் நம் கால்பந்து கிளப் தலைவர் அவர்களே, பயிற்சியாளர் அவர்களே, உடை மாற்றக்கூட நேரமில்லாமல் மைதானத்திலிருந்து நேராக வந்து பின்னால் நிற்கும் ஆட்டக்காரர்களே, முன்வரிசையில் மகளின் தோளில் சாய்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

அண்ணனின் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவள் நான், எனக்கு மேடைப் பேச்சு வராது. இந்த வாரம் முழுவதும் ஆறுதல் சொல்லியும் கேட்டும் களைத்துப்போயிருக்கிறேன். நீளமாகப் பேச மாட்டேன்.

மறைந்த நம் அண்ணன், புள்ளிவிவரப் பிரிவின் பொறுப்பாளராக எத்தனை ஆட்டங்களைப் பதிவு செய்தார், எத்தனை ஆண்டுகள் விடுப்பே எடுக்கவில்லை என்று கிளப் தலைவர் வாசித்தார். நன்றி ஐயா. ஆனால் அண்ணன் இங்கே இருந்திருந்தால் சும்மா கேட்டுக்கொண்டிருப்பாரா? "அதுல நான் தூங்கி வழிஞ்ச ஆட்டத்தையெல்லாம் கழிங்க சார்" என்றிருப்பார்.

கழித்தல் அண்ணன்! ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் அது. கோப்பையில் பொறிக்க வேண்டிய பெயர் என்று அவரே பெருமைப்பட்டுக்கொள்வார். நம் முன்கள வீரர் ஒருமுறை மார்பை நிமிர்த்திக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். லீகிலேயே அதிக கோல் அவருடையது.

"பெனால்டியைக் கழி. ஏற்கெனவே ஜெயிச்ச ஆட்டத்துல கடைசியா போட்டதைக் கழி. மிச்சம் சொல்லு" என்றார் அண்ணன்.

"அண்ணே, இப்படிக் கழிச்சா நானே மிஞ்ச மாட்டேன்."

"மிஞ்சுவ. அந்த மிச்சத்தைத்தான் நான் பாக்கணும்."

அவருக்கு எண்கள் மேல் வெறுப்பா? இல்லை. வாழ்நாளெல்லாம் எண்ணிய மனிதர் அவர். எண்ணியதோடு யோசிப்பதையும் முடித்துக்கொள்கிறோமே, அதுதான் அவரைக் களைப்பாக்கியது. நூற்றுக்குத் தொண்ணூறு பாஸ் சரியாகப் போட்டவர் என்று ஒருவரைக் கொண்டாடுவோம். அத்தனையும் பக்கத்தில் நிற்பவருக்கே தள்ளிவிட்டதாக இருக்கும். "கூட்டத்துல பக்கத்து ஆளுகிட்ட தண்ணி பாட்டில் கடத்துறதுக்கு மெடலா?" என்று கேட்பார். நாங்கள் சிரிப்போம். அடுத்த வாரம் அதே எண் அதே பெரிய எழுத்தில் திரையில் வரும்.

அவர் ஆட்டம் பார்க்கும் விதம் பலருக்குத் தெரியாது. மைதானம் முழுவதும் தெரியும் வீடியோ பதிவைப் போட்டுக்கொண்டு, திரையில் பந்து இருக்கும் பக்கத்தைப் பழைய காலண்டர் அட்டையால் மறைத்துக்கொள்வார். பந்து நகர நகர அட்டையும் நகரும். "உலகத்துலயே ஆட்டத்தை விட்டுட்டு அட்டையைப் பாக்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்பார் வீடியோ வெட்டும் தம்பி. "பந்து இருக்கிற எடத்தைத்தான் ஊரே பாக்குதே, நானும் எதுக்கு?" என்பார் அண்ணன்.

அப்படிப் பார்த்துத்தான் அவர் பூனையைக் கண்டுகொண்டார். சத்தமில்லாமல் நடக்கும் நம் இடது பின்கள வீரரைத்தான் சொல்கிறேன். எதிரணியின் பந்தைப் பறித்த எண்ணிக்கையில் அவர் எப்போதும் கடைசி. ஆனால் அட்டைக்கு வெளியே என்ன நடந்தது? பந்து வருமுன்பே பூனை அங்கே போய் நின்றுவிடுவார். எதிரணிக்காரர் அந்தப் பக்கம் பந்தோடு வருவார், பூனை ஏற்கெனவே அங்கே நிற்பதைப் பார்ப்பார், பந்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவ்வளவுதான். பறிக்க ஒன்றுமில்லை. நடக்காமல் போன ஆபத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரண்டு பருவங்களுக்கு முன் இந்த எண்ணை நம்பித்தான் ஒருவரை வாங்கினோம். பறிப்பதில் லீகிலேயே முதல்வர். சறுக்கிச் சறுக்கி, கால்சட்டையெல்லாம் சேறாகி எழுந்து நிற்பார். அரங்கமே கைதட்டும். அண்ணன் மட்டும் தலையில் கை வைத்துக்கொள்வார். "சேறு ஏன் ஒட்டுது? லேட்டா வர்றான், அதான் விழுந்து புடிக்கிறான்." அந்தப் பருவம் எத்தனை கோல் வாங்கி எப்படி முடிந்தது என்று இந்த அறையில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் நாம் மாறவில்லை. அதுதான் எனக்கு அலுப்பாக இருக்கிறது. அண்ணன் சரியாகச் சொன்னார், ஒவ்வொரு மீட்டிங்கிலும் திரும்பத் திரும்பச் சொன்னார், பெரும்பாலும் தோற்றார். தோற்ற மறுநாளும் அதே அட்டையோடு வந்து உட்கார்ந்தார். எங்கிருந்து வந்தது அந்தத் தெம்பு? பக்கத்து நாற்காலியிலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது படுக்கையின் தலைமாட்டில் இருந்த திரையைக் காட்டினார். "இதுல எல்லாம் நல்லா இருக்காம். எனக்குத்தான் மூச்சு முட்டுது."

"வாயை மூடிட்டுப் படுங்க. இங்கயும் வந்து கழிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று அண்ணி அதட்டினார்.

அவர் சிரித்தார். பிறகு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பூனை விஷயம் திங்கட்கிழமைதானேம்மா?"

ஆம். பூனையின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, அனுப்பிவிடுவதா என்பது வரும் திங்கட்கிழமை முடிவாகிறது. பந்து பறித்த எண்ணிக்கைப் பட்டியல் தயார். அதில் அவர் கடைசி. இது இரங்கல் கூட்டத்தில் பேசும் விஷயமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அண்ணன் கடைசி மூச்சுவரை கவலைப்பட்ட விஷயத்தை வேறு எங்கே பேசுவேன்?

சற்று முன் வாசலில் பூனை என்னை நிறுத்தினார்.

"அக்கா, அண்ணன் இல்லாம அந்த மீட்டிங் நடக்குமா?"

"நடக்கும் தம்பி."

"அப்ப என் பக்கம் யாருக்கா பேசுவா?"

கூட்டம் தொடங்கிவிட்டது என்று யாரோ அழைத்தார்கள். உள்ளே வந்துவிட்டேன்.

மீட்டிங் அறையில் அண்ணனின் நாற்காலியை இந்தப் பருவம் முழுவதும் காலியாக வைத்து மரியாதை செய்வதாகத் தலைவர் அறிவித்தார். மன்னிக்க வேண்டும் ஐயா. அது காலியாக இருந்தால் அண்ணன் பக்கத்து வாதமும் காலியாகவே இருக்கும். திங்கட்கிழமை நான் அதில் உட்காருகிறேன். பட்டியலை யாரும் வாசிப்பதற்கு முன் பூனை ஆடிய ஓர் ஆட்டத்தை முழுதாக, எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். அதன் பிறகு நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது பார்த்தவர்களின் முடிவாக இருக்கட்டும். அவரைப் போல எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது. நான் தோற்கவும் கூடும். ஆனால் அவர் பேசாமல் தோற்றதே இல்லை. நானும் அப்படித் தோற்க மாட்டேன். அவருக்கு நான் செலுத்தும் அஞ்சலி இவ்வளவுதான்.

பின்னால் நிற்கும் பூனைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை காலையில் நீ வழக்கம்போல மைதானத்துக்குப் போ. உள்ளே நான் இருக்கிறேன்.