அச்சுதன் சார் சேமித்த கோப்புகள்

கம்ப்யூட்டர் திரையில் வருகிற செய்தியை யாரும் படிப்பதில்லை. ஒரு பெட்டி தோன்றியதும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே ஓகேயை அழுத்திவிடுவார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பூவராகவன், ஏதோ வந்தது, போயிடுச்சு" என்பார்கள். என்ன வந்தது என்று கேட்டால் தெரியாது. பெரிய பரீட்சை எழுதி வந்த அதிகாரியும் அப்படித்தான், டீ கொண்டுவரும் பையாவும் அப்படித்தான். பையாவாவது கொஞ்சம் வெட்கப்படுவார்.

உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கிருஷ்ணபிரசாத் சார். என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய நீங்கள் லேப்டாப்பைத் திறந்தபோது ஒரு பெட்டி வந்தது. படிக்காமல்தான் மூடினீர்கள். குறையாகச் சொல்லவில்லை. விசாரணை அதிகாரிக்கும் அவசரம் இருக்குமல்லவா.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அச்சுதன் சாருடைய வரைவுகள் அடிக்கடி காணாமல் போனதற்கு அந்த புரோகிராமில் கோளாறு ஏதாவது காரணமா? இல்லை. புரோகிராம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. மீதியையும் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவர் மகள் ஜ்யோத்ஸ்னா குர்காவோனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், அவள்தான் இந்த விசாரணை கேட்டு மனு கொடுத்தவள். மனு கொடுக்கும்போது அவளுக்கே சந்தேகம்தான் இருந்ததே தவிர, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

எங்கள் அலுவலகம் தில்லி லோதி ரோட்டில் இருக்கிறது. பாராளுமன்றம் கூடும் நாட்களில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரித்து அனுப்ப வேண்டும். அந்தப் பதில்களின் வரைவை எழுதுகிறவர் செக்‌ஷன் ஆபீசர் அச்சுதன். அதைக் காலையில் பார்த்து ஒப்புதல் தருகிறவர் துணைச் செயலர் மேடம். இதற்கென்று ஒரு பழைய புரோகிராம் உண்டு. எப்போதோ ஓய்வுபெற்ற ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனது. அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் அதை மாற்றச் சொல்லி நான் பலமுறை குறிப்பு அனுப்பினேன், படித்தவர் யாரும் இல்லை. அது ஒரே ஒரு மெஷினில்தான் ஓடும். அச்சுதன் சார் தன் பெயரில் உள்ளே போய் எழுதுவார், மேடம் தன் பெயரில் உள்ளே போய்ப் படிப்பார்.

இப்போது ஒரு சின்ன விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் சில ஃபோல்டர்கள் பூட்டிய அறை மாதிரி. அட்மின் அனுமதி இல்லாதவர் அதற்குள் எதையும் சேமிக்க முடியாது. புது புரோகிராமாக இருந்தால் "அனுமதி இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். பழைய புரோகிராம் என்றால் விண்டோஸ் தாட்சண்யம் பார்க்கும். சேமித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அந்தக் கோப்பை அந்த ஆளுடைய சொந்தக் கணக்கில் ஒரு மூலையில் கொண்டுபோய் ஒளித்துவைக்கும். அவர் பார்த்தால் சரியான இடத்தில் இருப்பதுபோலவே தெரியும். வேறு யார் தங்கள் பெயரில் நுழைந்து பார்த்தாலும் ஃபோல்டர் காலி.

எங்கள் பழைய புரோகிராம் தன் கோப்புகளை வைப்பது அப்படிப்பட்ட ஒரு பூட்டிய ஃபோல்டரில்தான். அது பல காலம் தொந்தரவில்லாமல் ஓடியது, ஏனென்றால் எல்லோருக்கும் அட்மின் அனுமதி இருந்தது. பாதுகாப்பு விதிகள் வந்தபோது அந்த அனுமதியை நான் எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டேன். எடுக்கச் சொல்லித்தான் உத்தரவு. எடுத்த பிறகு இந்த புரோகிராமை ஒருதரம் ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அடுத்த வாரமே மேடம் காலையில் வந்து திறந்தார், வரைவு இல்லை. செக்‌ஷன் முழுக்கக் கூடிவிட்டது. அச்சுதன் சார் பதற்றமே இல்லாமல் தன் பெயரில் உள்ளே போய், "இதோ இருக்கே மேடம்" என்று காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பூவராகவன், போன வாரம் நீங்க என்னமோ மாத்தினேளே, அதுலேர்ந்துதான் இப்படி ஆறது. என் பேர்ல போனா தெரியறது, மேடம் பேர்ல போனா இல்லை. பர்மிஷன்ல ஏதோ இடிக்கறது, பாருங்கோ."

பதினைந்து பேர் முன்னிலையில், அதுவும் சிரித்துக்கொண்டே. மேடம் என்னைப் பார்த்து, "அச்சா? ஐஸா ஹை க்யா?" என்றார். "அப்படியெல்லாம் இல்லை மேடம், சார் வேற இடத்துல சேவ் பண்ணிட்டார்" என்றேன். சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அது அப்படித்தான் இருந்தாக வேண்டும் இல்லையா. இல்லாவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆகிவிடுவேன்.

அதனால் அடுத்த வரைவை அவர் சேமித்துவிட்டுப் போனதும், என் இருக்கையிலிருந்தே அவருடைய மூலைக்குள் நுழைந்து அழித்துவிட்டேன். காலையில் மேடம் பெயரிலும் இல்லை, அவர் பெயரிலும் இல்லை. அவர் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து சாயங்காலம் பண்ணினேனே" என்றார். "எல்லாரும் அப்படித்தான் சார் நினைப்பாங்க" என்றேன்.

தினமும் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். தினமும் செய்தால் மெஷின்மேல் சந்தேகம் வரும். நான்கைந்து வரைவு ஒழுங்காக வந்து சேரும். நானே எடுத்து உரிய இடத்தில் வைத்துவிடுவேன். பிறகு ஒன்று வராது. அப்போதுதான் மனிதன் தன்னைச் சந்தேகிப்பான்.

அவர் சும்மா இருக்கவில்லை. பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொண்டார். பென்டிரைவுக்குத் தடை என்று ஏற்கெனவே இருந்த சுற்றறிக்கையை நான் அமல்படுத்தினேன். மொபைலில் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு மேடத்திடம் காட்டினார். நல்ல யோசனைதான். "திரையில தெரியறது வேற, சேவ் ஆகறது வேற. சார் படம் எடுத்துட்டு சேவ் பண்ண மறந்திருக்கார்" என்று விளக்கினேன். மேடம் தலையாட்டினார். கம்ப்யூட்டரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், குரல் நிதானமாக இருந்தால் தில்லியில் தலையாட்டுவார்கள்.

அவருடைய ஞாபகசக்திக்கு அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. விதி எண்ணைச் சொன்னால் வாசகத்தை ஒப்பிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் மலை மந்திர் கோயிலில் உட்கார்ந்து சகஸ்ரநாமம் முழுவதையும் புத்தகம் இல்லாமல் சொல்வார், சுற்றி இருப்பவர்கள் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்தக் குளிர்காலத்தில் கையில் புத்தகம் வந்தது. அப்புறம் புத்தகத்தைப் பார்த்தும் வரி தவறியது. அப்புறம் வருவதை நிறுத்திக்கொண்டார். நானும் சனிக்கிழமை தவறாமல் போகிறவன், அதனால் தெரியும்.

நாங்கள் இருவரும் கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் ஒரே கட்டடம். காலையில் அவருடைய ஸ்கூட்டரில்தான் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாள் சிக்னலில் நின்றவர், பச்சை விழுந்தும் கிளம்பவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. "பச்சைதானே?" என்று என்னைக் கேட்டார். மறுநாளிலிருந்து ஸ்கூட்டரை எடுக்கவில்லை. எனக்கும் கஷ்டம்தான், டிடிசி பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டியதாகிவிட்டது. இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

டாக்டரிடம் போனார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வயது, டென்ஷன் என்றார்களாம். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையால் அவர் பகலிலும் மந்தமானார். அது என் கணக்கில் வராது.

அவர் மனைவி ஜலஜா மாமி ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை.

"பூவராகவன், உங்களத்தான் நம்பி கேக்கறேன். அந்த மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கா? இல்ல, இவருக்குத்தானா? மெஷின்தான்னு ஒரு வார்த்தை சொன்னேள்னா நான் நிம்மதியா தூங்குவேன்."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியவில்லை. நான் பொறுப்பான பதவியில் இருப்பவன், யோசித்துத்தான் பேச வேண்டும்.

"மாமி, கேஸ் அடுப்பை மட்டும் ராத்திரி ஒருதடவை நீங்களே பாத்துக்குங்க" என்றேன்.

மாமி திரும்பி நடந்தார். படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு அச்சுதன் சார் அடுப்படிக்குள் வந்தாலே மாமி கூட வந்து நிற்பதாகக் கேள்விப்பட்டேன். சாவி, வங்கி அட்டை எல்லாம் மாமியின் பைக்குப் போயின. டிவி ரிமோட்கூட அவராக எடுப்பதில்லை என்று ஜ்யோத்ஸ்னா மனுவில் எழுதியிருக்கிறாள். அதைக் கொஞ்சம் மிகை என்றே நினைக்கிறேன்.

கடைசியாகச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர் எழுதிய ஒரு பதிலை அழித்துவிட்டு, அதே பெயரில் முந்தைய கூட்டத்தொடரின் பழைய பதிலை எடுத்து உரிய ஃபோல்டரில் வைத்தேன். மேடமும் படித்துத்தான் ஒப்புதல் தந்தார், அதாவது படிக்காமல். பதில் மேலே போய், போன வருடத்துப் புள்ளிவிவரம் என்று தெரிந்து, அங்கிருந்து போன் வந்தது. மேடம் அச்சுதன் சாரை அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வந்தவர் நேராக என்னிடம்தான் வந்தார். "பூவராகவன், நான் புதுசா எழுதினேன்னு நினைச்சுண்டிருந்தேன்" என்றார். நினைச்சுண்டிருந்தேன் என்றாரே தவிர, எழுதினேன் என்று சொல்லவில்லை. அந்த மாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊர்க்கோடியில் துவாரகாவில் வாடகைக்குப் போனார்கள். சாமான்களை ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன்.

அவருக்குப் பிரிவுபசாரம் நடந்த மறுநாள் அந்த ஃபோல்டரின் அனுமதியைத் திறந்துவிட்டேன். வலது பக்கம் கிளிக் செய்து ஒரு கட்டத்தில் டிக் போடுகிற வேலை. அதன்பின் இன்றுவரை ஒரு வரைவும் தொலையவில்லை. செக்‌ஷனில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். "பாவம், அவர்கிட்டதான் பிரச்சனை இருந்திருக்கு" என்று மேடமே சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேலதிகாரி பேசும்போது குறுக்கே பேசுவது எனக்குப் பழக்கமில்லை.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். நீங்கள் விசாரணையை முடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான். மெஷினை ஆராய்ந்து, "கோளாறு காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தீர்கள். இவ்வளவு நுணுக்கமாகச் செய்த வேலையை ஒரு வரியில் ஒன்றுமில்லை என்று ஆக்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை துவாரகா போய் அவரிடமே நேரில் சொன்னேன். மாமியும் மகளும் பக்கத்தில் இருந்தார்கள். இப்போது உங்களிடம் சொன்ன அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பூட்டிய ஃபோல்டர், மூலையில் ஒளிந்த கோப்பு, நான் அழித்தது, பழைய பதிலை வைத்தது. ஜ்யோத்ஸ்னா எழுந்து நின்றுவிட்டாள். மாமி தலையில் கைவைத்தபடி தரையில் உட்கார்ந்தார். நான் வேண்டியதைச் செய்துவிட்டேன், இனி அவர் திட்டட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் இரு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க ரொம்ப நல்லவர் பூவராகவன்" என்றார். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இவ்வளவு பெரிய பழியை உங்க மேல போட்டுண்டு வந்திருக்கேள். வேண்டாம். எனக்குத் தெரியும், என் தலைதான் சரியில்லை. ஜலஜா, இவருக்குக் காபி குடு... குடுத்தாச்சோ?"

"அப்பா, அவர் சொல்றது நிஜம்ப்பா, சச்சீ மே" என்று ஜ்யோத்ஸ்னா அழுதாள். அவர் அவள் பக்கம் திரும்பி, "நீயும் சேர்ந்துண்டயா" என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் எனக்கு அவர்மேல் கோபமே வந்தது. முதல் நாள் பதினைந்து பேர் முன்னால் அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. பர்மிஷன்தான், நான் மாற்றியதுதான். அந்த அலுவலகத்திலேயே அதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர். புரியாத முட்டாளாக இருந்திருந்தால் அன்றைக்கே சரிசெய்து கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன், மற்ற எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறேன். அவ்வளவு தெரிந்த மனிதர், இன்னும் கொஞ்ச நாள் தான் சொன்னதிலேயே உறுதியாக நின்றிருக்கக் கூடாதா? நின்றிருந்தால் நானே ஒப்புக்கொண்டிருப்பேன். அதற்குத்தான் நான் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.