அரை ஸ்வரம் மேலே

குளிர்காலத்தில் தேவாலயத்துக்குள் ஒலிப்பதிவு செய்பவர்கள் முதலில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அதன் சீறல் மைக்கில் ஏறிவிடும். அதனால் எங்கள் ஊர்ப் பாடகர் குழு மேல்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக விறைத்துக்கொண்டே பாடியது. நான் பக்கத்து அறையில் நாடா இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். டிராம் ஓடாத நேரத்தில்தான் பதிவு. இசைக் கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு இரவு வேலை அல்லாமல் வேறு என்ன கொடுப்பார்கள்.

பாடியது ஓர் ஒரட்டோரியோ. வேடமில்லை, நடிப்பில்லை, நின்ற இடத்தில் நின்றபடி கர்த்தரின் சிலுவைப் பாடுகளைப் பாடி முடிப்பது. நடத்தியவர் கான்டோர் லிண்ட்னர். தேவாலயத்தின் இசை முழுவதும் அவர் பொறுப்பு. கல்லூரியில் என் ஆசிரியரும் அவர்தான். மனைவி இறந்த பிறகு அவருடைய காலப்பிரமாணம் தளர்ந்துகொண்டே வந்தது. உடலைக் கல்லறையில் வைத்த பின் வரும் கடைசிப் பாட்டு நகரவே இல்லை. இடைவேளையில் கீழ்க்குரல் பாடும் ஒருவர் என்னிடம், "இவரு வேகத்துல போனா கர்த்தர அடக்கம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள ஈஸ்டரே வந்துரும்பா" என்றார். நானும் சிரித்தேன்.

அந்தப் பாட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. நாடாவைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பிரதி எடுத்தேன். ஒரு குமிழைத் திருப்பினால் மூன்று மாறும். வேகம் கூடும். சுருதி ஏறும். அழுகை வடிந்துவிடும். டி மைனரில் இருந்த பாட்டு அரை ஸ்வரம் மேலே, இ ஃப்ளாட்டுக்குப் போனதும், பாடியவர்களுக்கு வயது குறைந்தது போலிருந்தது. இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து வந்த பெண்மணி கேட்டுவிட்டு, இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது என்றார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

லிண்ட்னருக்குத் தெரியும். கதவு கிரீச்சிட்டால்கூட அது என்ன ஸ்வரம் என்று சொல்கிற காது. தட்டு அச்சுக்குப் போகும் முன் அவர் கேட்டுச் சம்மதிக்க வேண்டும்.

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பி இன்னொரு பிரதி எடுக்க ஒரு மத்தியானம் போதும். ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட காது வயதானால் சிலருக்கு நழுவும். கேட்பதெல்லாம் அரை ஸ்வரம் ஏறியே கேட்கும். லிண்ட்னருடைய ஆசிரியருக்கு அப்படித்தான் ஆனது. அவர் பியானோவின் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, இது இல்லை, இதுவும் இல்லை என்று அழுததை லிண்ட்னர் வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். தனக்கு அந்த நிலை வந்தால் பியானோவை மூடிவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விடுவேன், மறுபடி திறந்து சரிபார்க்கக்கூட மாட்டேன் என்றார். மற்றவர்கள் மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை.

கடைசிப் பாட்டைப் போல வாத்தியமில்லாத பாட்டுகளுக்கு அவர் இசைக்கவையைத் தட்டித்தான் சுருதி கொடுப்பார். தட்டினால் எப்போதும் ஏ என்ற ஒரே ஸ்வரத்தை ஒலிக்கும் எஃகுக் கவை அது. பதிவு முடிந்த பிறகும் அது என் மேசையில்தான் இருந்தது. அதன் இரண்டு முனைகளையும் அரத்தால் தேய்த்தேன். முனை குறைந்தால் சுருதி ஏறும். அவசரப்படவில்லை. வேகம் கூட்டிய நாடாவோடு ஒத்துப்பார்த்து ஒத்துப்பார்த்துத் தேய்த்தேன். பிறகு மெருகேற்றி உறையில் வைத்தேன்.

அவர் மதியம் வந்தார். ஈரல் தொத்திறைச்சி தடவிய ரொட்டி கொண்டுவந்திருந்தார். நான் இளைத்துவிட்டேனாம், பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அன்று கடைசிப் பாட்டை மட்டும் போட்டேன். தொடங்கியதும் நிமிர்ந்தார்.

"இதென்ன, இ ஃப்ளாட்லயா பாடறாங்க?"

"டி மைனர்தான், ஹெர் கான்டோர்."

"வேகமாவும் இருக்கே."

"நீங்க நடத்துன வேகம்தான்."

உறையிலிருந்து இசைக்கவையை எடுத்து முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தார். மறுபடி தட்டினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கவையும் நாடாவும் ஒன்றுக்கொன்று சுத்தமாகச் சேர்ந்தன. அவற்றோடு சேராதது அவருடைய காது மட்டும்தான்.

"எக்பெர்ட், இது உனக்கு சரியா ஏ-ன்னுதான் கேக்குதா?"

"சரியா கேக்குது."

"கிழவன்னு பாவம் பாத்து எதையும் மறைக்காதடா."

"மறைக்கல."

தலையசைத்தார். "உன்கிட்ட கேட்டதுதான் சரி. உனக்கு நல்ல காதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

சொன்னார்தான். காது இருக்கிறது, பொறுமை இல்லை, குழுவை நடத்த உன்னால் ஆகாது என்று சேர்த்துச் சொன்னார். அந்த வாரமே நான் கல்லூரியை விட்டேன். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தட்டை வெளியிடலாம் என்று சம்மதித்தார். இசைக்கவையை மேசையிலேயே வைத்துவிட்டு, இனி இதை நீ வைத்துக்கொள் என்றார். கோட்டுப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த வருடப் புனித வெள்ளிக்கு வேறொருவர் நடத்தினார். லிண்ட்னர் உடல்நிலை சரியில்லை என்று சொல்லி விலகியிருந்தார். வீட்டுப் பியானோவில் ஒரு கட்டையைத் தொட்டிருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். தொடவில்லை. யாராவது சீட்டியடித்தால்கூட அறையை விட்டுப் போய்விடுவார் என்று அவருடைய மகள் ரோஸ்விட்டா சொன்னாள். ஆர்கன் சத்தம் கேட்கும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே நடக்கப் போவாராம். நாற்பது வருடம் அந்தச் சத்தத்தில் வாழ்ந்த மனிதர். ஒருமுறை டிராம் நிறுத்தத்தில் பார்த்தேன். காதில் பஞ்சு வைத்திருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார், நானும் அசைத்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும். டிராம் வந்தது, ஏறிவிட்டேன்.

இரண்டு குளிர்காலம் அப்படி இருந்து இறந்துபோனார். அடக்கத்துக்கு முன் ரோஸ்விட்டா என்னிடம் வந்தாள்.

"தட்டுல அந்தக் கடைசிப் பாட்டு அப்பா மாதிரியே இல்ல. பின்னாலேருந்து யாரோ தள்ளற மாதிரி இருக்கு. அவரு காது நல்லா இருந்தப்ப பண்ணது ஏதாவது உங்ககிட்ட இருக்கா? கல்லறையில வச்சு அந்தப் பாட்டப் போடணும்."

மூல நாடா என் அலமாரியில் இருந்தது. இல்லை என்றேன். தட்டையே போட்டார்கள்.

கொடுத்திருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன், அதனால்தான் கொடுக்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். அப்படி இல்லை. அந்த நாடாவில் பாட்டு மிகவும் மெதுவாகப் போகிறது.